எந்தத் தாள், எந்த மேஜை?

கல்லூரி மாணவர் கேள்வி பதில்

இந்த முறை வந்தவை எல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கடிதங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒவ்வொரு பதிலிலும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தையும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவை. ஆனால் உங்கள் விண்ணப்பம் எங்கே போக வேண்டும் என்பது கல்லூரி தன்னாட்சி பெற்றதா இல்லையா என்பதைப் பொறுத்தது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போலத் தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வளாகத்துக்குள்ளேயே இருப்பார். மதிப்பெண், மறுமதிப்பீடு எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்; பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். தன்னாட்சி இல்லாத கலைக் கல்லூரி என்றால் தேர்வு சம்பந்தப்பட்ட தாள் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கும் கருப்பூருக்குத்தான் போக வேண்டும்.

*

ஐயா, நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. டைபாய்டு வந்து 27 நாள் கல்லூரிக்குப் போகவில்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். இப்போது வருகை 70 சதவீதம்தான், கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம்) கட்டு என்கிறார்கள். சான்றிதழ் கொடுத்த பிறகும் ஏன் வருகை ஏறவில்லை?
– மாணவர், பென்னாகரம்

ஏறாது. மருத்துவச் சான்றிதழ் நீங்கள் வராத நாளை வந்த நாளாக மாற்றிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ‘ஏன் வரவில்லை’ என்பதற்கான காரணம் மட்டுமே. குறைந்த வருகையை மன்னிக்க முதல்வருக்கு அது ஓர் ஆதாரம், அவ்வளவுதான். வருகையாகவே கணக்கில் சேர்வது ஓ.டி., அதாவது ‘ஆன் டியூட்டி’ ஒன்றுதான். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி என்று கல்லூரியே அனுப்பிய நாட்கள் அவை. அதற்கும் போவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீதம் என்பது 67.5, அதாவது 68 நாள். நீங்கள் வந்தது 63. ஐந்து நாள் குறைகிறது. வழக்கமான விதிப்படி 65 முதல் 75 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் காரணம் காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே, 50 வரை என்றால் அந்தப் பருவத் தேர்வை அப்போது எழுத முடியாது. அடுத்த பருவத் தேர்வோடுதான் எழுத வேண்டும். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். உங்கள் கல்லூரிக் கையேட்டில் இந்த எல்லைகள் அச்சாகியிருக்கும். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

65 சதவீத எல்லைக்கு மேல் உங்களுக்கு நான்கு நாள்தான் கையிருப்பு. 59 நாளுக்குக் கீழே போயிருந்தால் 65 சதவீதம் தவறியிருக்கும்.

பேருந்தைப் பிடிக்கக் கடைசி மணி நேரத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். வருகையை மணிக் கணக்கில் பதிகிற துறையில், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பருவத்துக்கு 450 மணி. 30 நாள் கடைசி மணியை விட்டால் 30 மணி போகும், 6.7 சதவீதம். அரை நாள் கணக்கில் பதிகிற துறையில் அதே 30 மணி 30 அரை நாளாகிவிடும். அதாவது 15 நாள், 16.7 சதவீதம். விட்டது ஒரே மணிதான், ஆனால் வேறு விடுப்பும் சேர்ந்தால் ஒரு துறையில் 75 சதவீதம் தேறும், இன்னொன்றில் தவறலாம். உங்கள் துறையில் எந்தக் கணக்கு என்று வகுப்புப் பொறுப்பாசிரியரான டியூட்டரிடம் முதல் வாரமே கேளுங்கள்.

மருத்துவச் சான்றிதழ் எங்கே அடிபடுகிறது? தேதியில். சான்றிதழில் 4-ஆம் தேதி முதல் என்றிருக்கும், வருகைப் பதிவேட்டில் 2-ஆம் தேதியே ஆப்சென்ட் விழுந்திருக்கும். அந்த இரண்டு நாளுக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். மருத்துவரின் பதிவு எண், முத்திரை, ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, திரும்பி வரலாம் என்ற உடற்தகுதிச் சான்று ஆகிய அனைத்தும் சேர்ந்திருக்க வேண்டும். திரும்பி வந்த வாரமே கொடுங்கள். பருவக் கடைசியில் கண்டோனேஷன் பட்டியல் ஒட்டிய பிறகு கொண்டுபோகிற சான்றிதழை யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடிதம் இவ்வளவு போதும்:

“பெறுநர்: முதல்வர். வழி: துறைத்தலைவர். பொருள்: வருகைக் குறைவை மன்னிக்க வேண்டி. ஐயா, நான் இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். பதிவு எண் இது. டைபாய்டு காய்ச்சலால் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை 27 நாட்கள் வகுப்புக்கு வர இயலவில்லை. தற்போது என் வருகை 63/90. மருத்துவச் சான்று, உடற்தகுதிச் சான்று, பரிசோதனை முடிவு இணைத்துள்ளேன். தேர்வு எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.”

நீங்களும் பெற்றோரும் கையெழுத்திட்டு, டியூட்டர், துறைத்தலைவர், முதல்வர் என்ற வரிசையில் கொண்டுபோங்கள். ‘வழி: துறைத்தலைவர்’ என்ற வரி இல்லாமல் நேரே முதல்வரிடம் நீட்டினால் ‘துறை மூலம்’ என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். ஒரு நாள் வீண். கட்டணம் கட்டிய ரசீதின் நகலைத் துறையிலும் கொடுங்கள். ஹால்டிக்கெட் அலுவலகத்தில் நிற்கும்போது தேடுவது அதைத்தான்.

*

எனக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். கூடப் படிக்கிற பெண்களுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. கல்லூரியில் கேட்டால் பேங்கில் கேள் என்கிறார்கள். பேங்கில் ஆதார் இணைத்தாகிவிட்டது, கல்லூரியில் கேள் என்கிறார்கள்.
– மாணவி, பாலக்கோடு

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது.

வங்கியில் ‘ஆதார் இணைத்தாகிவிட்டது’ என்றால் உங்கள் கணக்கின் அடையாள ஆவணமாக ஆதார் எண்ணைப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அரசுப் பணம் வருவதற்கு அது போதாது. அரசு அனுப்புவது கணக்கு எண்ணுக்கு அல்ல, ஆதார் எண்ணுக்கு. அந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று காட்டும் பட்டியல் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பிடம் இருக்கிறது. அதில் பெயர் ஏறுவதைத்தான் சீடிங் என்கிறோம். ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் அங்கே இருக்கும். கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அது.

வழக்கமாக நடப்பது இது: பள்ளியில் படிக்கும்போது ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று திறந்திருப்பீர்கள். கல்லூரியில் சேர்ந்ததும் வேறு வங்கியில் இன்னொன்று. கல்லூரிக்குக் கொடுத்தது புதிய பாஸ்புக். சீடிங் இருப்பது பழைய கணக்கில். பழையதில் வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாததால் முடங்கிக் கிடக்கும். பணம் அங்கே போய்த் திரும்பிவிடும், அல்லது உங்களுக்குத் தெரியாமல் அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். முதலில் பழைய பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

சரிபார்க்க வங்கிக்குப் போக வேண்டியதில்லை. மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண், ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போனால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் வங்கியின் பெயரும், நடப்பில் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும். கணக்கு எண் தெரியாது, வங்கிப் பெயர் மட்டுமே. ஓ.டி.பி. வர ஆதாரில் உள்ள செல்போன் எண் உங்களிடம் இருக்க வேண்டும். அப்பா எப்போதோ மாற்றிவிட்ட எண் என்றால் முதல் வேலை ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுவதுதான். பிறகு உங்கள் வங்கிக் கிளையில் ‘என்.பி.சி.ஐ. சீடிங் செய்ய ஒப்புதல் படிவம்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள். வெறுமனே ‘ஆதார் லிங்க் பண்ணணும்’ என்றால் மறுபடி பழைய பதில்தான் கிடைக்கும்.

வங்கிப் பக்கம் சரியாக இருந்தால் கல்லூரிப் பக்கம் பாருங்கள். யு.எம்.ஐ.எஸ். என்ற கல்லூரி மாணவர் விவர இணையதளத்தில் உங்களைப் பற்றிய பதிவைக் கல்லூரியின் பொறுப்பு ஆசிரியர்தான் ஏற்ற வேண்டும். அதில் உங்கள் எமிஸ் எண் (பள்ளியில் கொடுத்த மாணவர் அடையாள எண்) சரியாக இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா, இந்த ஆண்டும் படிப்பைத் தொடர்கிறார் என்ற பதிவு ஏறியிருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். கடைசியில் சொன்னது விடுபட்டால், முதலாண்டு வந்துகொண்டிருந்த பணம் இரண்டாமாண்டு நின்றுவிடும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். வேறு கல்வி உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். ‘ஒன்றுதான் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

*

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பெங்களூருவில் பி.யூ.சி. முடித்தாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் கன்னடம். இப்போது கிருஷ்ணகிரியில் பி.காம். சேர்த்திருக்கிறோம். எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் கொண்டு வா என்கிறார்கள். தமிழ்த் தேர்வும் எழுத வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.
– ஒரு தந்தை

அம்மாணவி எழுதப்போவது ‘அடிப்படைத் தமிழ்’. பயப்பட ஒன்றுமில்லை. பட்டப்படிப்பின் மொழிப் பாடமான பகுதி ஒன்றில் தமிழ் அல்லாத மொழியை எடுத்து, பள்ளியிலும் தமிழே படிக்காதவர்களுக்குப் பகுதி நான்கில் வருகிற தாள் அது. எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று தொடங்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர்களுக்கு ‘சிறப்புத் தமிழ்’. இரண்டையும் மாற்றிப் பதிந்துவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் எது டிக் ஆகியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பகுதி ஒன்றில் எந்தெந்த மொழிக்கு அந்தக் கல்லூரியில் ஆசிரியர் இருக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதிச் சான்றிதழ் என்பது ‘கர்நாடகத்தின் பி.யூ.சி. நம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம், இவர் இந்தப் படிப்பில் சேரலாம்’ என்று பல்கலைக்கழகம் தருகிற தாள். அது வரும் வரை சேர்க்கை தற்காலிகம்தான். எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், கட்டண ரசீது ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கூடவே மைக்ரேஷன் சர்டிபிகேட் கேட்பார்கள். அது படித்த பள்ளி தருவதல்ல, கர்நாடகத் தேர்வு வாரியத்திடம் விண்ணப்பித்து வாங்குவது. அதற்குத்தான் நாளாகும், எனவே அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். முதல் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டுகிற நேரத்தில் தகுதிச் சான்றிதழ் இல்லை என்றால் பதிவு எண்ணும் ஹால்டிக்கெட்டும் நிற்கும்.

இன்னொன்று: கர்நாடகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்கு உதவாது. நீங்கள் ஓசூர்க்காரர் என்பதால் இ-சேவை மையத்தில் ஆர்.இ.வி. 101 சாதிச் சான்று, 102 பிறப்பிடச் சான்று இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் 104 முதல் பட்டதாரிச் சான்றும் சேர்த்து வாங்கி வைக்கலாம்.

*

இன்டர்னல் 18, தியரி 27, மொத்தம் 45. பாஸ் மார்க் 40 தானே? ஆர்.ஏ. (மறுபடி எழுத வேண்டும்) என்று வந்திருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?
– பி.ஏ. மாணவர், அரூர்

தப்பில்லை. இளநிலைப் படிப்பில் மொத்தத்தில் 40 மட்டும் போதாது, பல்கலைக்கழகத் தேர்வில் தனியாகவும் 40 சதவீதம் வேண்டும். 75-க்கு 40 சதவீதம் என்றால் 30. உங்களிடம் 27. இன்டர்னலில் 25-க்கு 25 வாங்கியிருந்தாலும் இதே முடிவுதான். முதுநிலையில் 50 சதவீதம் என்பதால் 75-க்கு 38 தேவை.

மூன்று மதிப்பெண்தானே, மறுமதிப்பீடு போடலாம். ஆனால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். முடிவு வெளியான சில நாட்களுக்குள் அறிவிப்பு வரும், கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். அந்தத் தேதி நீட்டிக்கப்படும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப் பாருங்கள். எழுதிய ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் விழுந்திருக்கிறதா? குறிப்பாகப் பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குத் தாவிய விடை. உள்ளே போட்ட மதிப்பெண்ணும் முகப்புப் பக்கக் கட்டத்தில் ஏற்றிய மதிப்பெண்ணும் ஒன்றா? கூட்டல் சரியா? கேள்வி எண்ணை நீங்களே தவறாக எழுதியதால் திருத்தியவர் அடித்துவிட்டாரா? கூட்டலிலோ விடுபட்ட விடையிலோ பிழை என்றால் மறுகூட்டல் போதும், செலவும் குறைவு. எல்லாம் சரியாக இருந்து, விடைக்கான மதிப்பெண்தான் குறைவு என்று தோன்றினால் பாடம் நடத்திய ஆசிரியரிடம் நகலைக் காட்டுங்கள். ‘இதற்கு இரண்டு மார்க் கூடப் போடலாம்’ என்று அவர் விரல் வைத்துச் சொல்கிற இடம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாம். அவர் தயங்கினால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டும் தேதி முடிந்துவிடலாம். ஆகவே அந்தத் தாளுக்கு அரியர் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். இதை விட்டுவிட்டு ஆறு மாதம் இழந்தவர்கள் நிறையப் பேர். அரியர் எழுதும்போது பழைய இன்டர்னல் 18 அப்படியே நிற்கும். அதுவே தவறாக ஏறியிருக்கிறது என்றால் அது மறுமதிப்பீட்டு விஷயம் அல்ல. துறையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட இன்டர்னல் பட்டியலின் நகலோடு, துறைத்தலைவர் முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

*

ஆதாரில் முனிராஜ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முனிராஜு. எதை மாற்றுவது?
– மாணவர், சூளகிரி

ஆதாரை. கல்லூரியும் பல்கலைக்கழகமும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற உங்கள் பக்கத்தில் ஆங்கிலத்தில் கடைசியாக ஒரு ‘யு’ கூடுவதும் குறைவதும் சகஜம். ஆனால் கணினிக்கு அது வேறொரு ஆள். மதிப்பெண் பட்டியலைக் காட்டி ஆதார் மையத்தில் திருத்திக்கொள்ளலாம்.

மார்க் ஷீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை, வேறு பெயரே வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அது தனி வேலை. எந்த வழியானாலும் முதல் பருவத்து ஹால்டிக்கெட் வந்ததும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பாருங்கள். அப்போது ஒரு கடிதத்தில் முடிகிற திருத்தம், ஆறு மார்க் ஷீட் அச்சான பிறகு ஆறு தாளையும் ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டி முடிகிற வேலையாகிவிடும். பட்டச் சான்றிதழ் விண்ணப்பத்தில் தமிழிலும் பெயர் கேட்பார்கள். அங்கே அவசரத்தில் எழுதுகிற ‘ர’வும் ‘ற’வும் ஆயுளுக்கும் அப்படியே நிற்கும்.

*

தனியார் கலைக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. டி.சி. கேட்டால் மூன்று வருடப் பணமும் கட்டு என்கிறார்கள்.
– மாணவி, காரிமங்கலம்

கட்ட வேண்டாம். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையின்படி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளவே கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். கட்டிய பணத்துக்கும் கணக்கு இருக்கிறது. அறிவித்த கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகை. அதில் நடைமுறைச் செலவாக 5 சதவீதம் வரை பிடிக்கலாம், ஆனால் 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது. கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80. கடைசித் தேதிக்குப் பின் 15 நாளைத் தாண்டி 30 நாளுக்குள் என்றால் 50. அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமாக, குறிப்பிட்ட தேதி வரை முழுப் பணமும் தரச் சொல்லி யு.ஜி.சி. தனிச் சுற்றறிக்கை விடுவதுண்டு.

இதில் எல்லாமே நீங்கள் விலகல் கடிதம் கொடுத்த தேதியை வைத்துத்தான். வாயால் சொன்னது கணக்கில் வராது. கடிதம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதன் பிறகும் இழுத்தால் அந்த நகல்களோடு பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், யு.ஜி.சி.யின் இணையவழிக் குறைதீர்ப்புக்கும் எழுதலாம்.

*

பஸ்ஸில் பையோடு நான்காம் செமஸ்டர் மார்க் ஷீட் தொலைந்துவிட்டது. – ஊத்தங்கரை

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை, அதாவது எல்.டி.ஆர்., நீங்களே பதிந்து அச்செடுக்கலாம். நிலையத்திலிருந்து ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்ற சான்றும் சிலர் கேட்பதால் தேர்வுப் பிரிவில் கேட்டுவிட்டு நிலையத்துக்குப் போங்கள். பதிவு எண், தேர்வு எழுதிய மாதம், ஆண்டு மூன்றும் மாற்று மார்க் ஷீட் கேட்கும் விண்ணப்பத்தில் தவறாமல் இருக்க வேண்டும். பழைய நகல் ஒன்று செல்போனில் இருந்தால் பாதி வேலை குறையும்.

*

பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எப்படிப் போவது? – தருமபுரி

சேலம் வரை போகவே வேண்டாம். ஓமலூர் தாண்டி, கருப்பூரில் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. அங்கே நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். கல்லூரி அடையாள அட்டை, எல்லாத் தாள்களிலும் இரண்டு நகல், துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். கட்டணத்தை இணையத்தில் கட்டியிருந்தால் ரசீதை அச்செடுத்துக்கொண்டு போங்கள். செல்போனில் காட்டுவதைக் கோப்பில் சொருக முடியாது.